மூலம்: இடத்தின் பெயர் நோயின் பெயரான கதை

பேருந்து நிலையச் சுவர்களிலும் கட்டணக் கழிப்பிட வாசல்களிலும் ‘மூலம், பவுத்திரம், விரைவீக்கம்’ என்று வரிசையாக எழுதியிருப்பதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. இவற்றில் நம் நாவில் அதிகம் புழங்குவது முதல் சொல்தான். உட்காரும் இடத்தில் எரிந்தால் மூலம், அரித்தால் மூலம், வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டாலும் மூலம். இத்தனைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்பதற்கு அந்தச் சொல்லின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது உடம்புக்கும் நல்லது.

மூலம் வடமொழியிலிருந்து வந்த சொல். வேர், அடி, தொடக்கம் என்பவை அதன் பொருள்கள். மூலதனம், மூலவர், மூலப்பத்திரம் என எல்லாவற்றிலும் இந்த ‘அடி’ இருக்கிறது. வேரைக் குறித்த மூலிகை என்ற சொல், பிறகு மருந்துச் செடிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. யோகநூல்களும் சித்த மருத்துவமும் உடம்பில் ஆறு ஆதாரங்களைச் சொல்கின்றன. அவற்றுள் முதலாவதாக, முதுகுத்தண்டின் அடியில் எருவாயை ஒட்டி இருப்பது மூலாதாரம். அந்த இடத்தில் வரும் நோய் மூலநோய், மூலவியாதி. பேச்சில் ‘நோய்’ உதிர்ந்து, ‘மூலம்’ மட்டும் நின்றுவிட்டது.

வேறு சில மொழிகள் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோது கண்ணில் பட்ட குறியைப் பிடித்துக்கொண்டன. கிரேக்கர்களுக்கு முதலில் தெரிந்தது ரத்தம். ‘ரத்தம் ஒழுகுவது’ என்ற பொருளில் அவர்கள் வைத்த பெயரே ஹெமராய்ட்ஸ் ஆயிற்று. பைல்ஸ் என்பது லத்தீனில் பந்தைக் குறிக்கும் ‘பிலா’விலிருந்து வந்தது, அங்கே கட்டிதான் முதலில் பட்டிருக்கிறது. மலையாளத்தில் மூலக்குரு, அதிலும் குரு, அதாவது பருவைப்போன்ற முளைப்பு, சேர்ந்தே வருகிறது. ஆயுர்வேதம் வைத்த பெயர் அர்சஸ். பகைவனைப்போல் வாட்டுவது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். சேனைக்கிழங்குக்கு வடமொழியில் ‘அர்சோக்னம்’, அதாவது அர்சஸை அழிப்பது, என்று ஒரு பெயர் உண்டு. நம் நாட்டு மருத்துவக் கடைகளில் கருணைக்கிழங்கு லேகியம் இன்றும் மூலத்துக்காகவே விற்பனையாகிறது.

தமிழ்ப்பெயரோ குறியைச் சொல்லாமல் இடத்தைச் சொன்னது. அதனால் அந்த இடத்தில் வரும் நோய் எதுவானாலும் உள்ளே வந்து அமர இடம் கிடைத்தது. பழைய தமிழ் விவிலியத்தில், 1 சாமுவேல் 5ஆம் அதிகாரத்தில், பெலிஸ்தர் என்ற இனத்தாரை வாதித்த நோய் ‘மூலவியாதி’ என்றே மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் எலிகளும் கூடவே வருவதால் அது கொள்ளைநோயின் நெறிக்கட்டியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

சித்த மருத்துவர்களுக்கு இந்தச் சொல்லின் அகலம் தெரிந்திருந்தது. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வகைப்பாடு மூலத்தை 21 ஆகப் பிரிக்கிறது. இரத்தமூலம், முளைமூலம், சீழ்மூலம், நீர்மூலம், வறள்மூலம் என்று போகும் அந்தப் பட்டியலில் பவுத்திரமூலமும் உண்டு. ரத்தமா, சீழா, முளையா என்று பார்த்துப் பார்த்து அடைமொழி கொடுத்திருக்கிறார்கள். நாமோ அடைமொழிகளை விட்டுவிட்டுப் பொதுப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்றைய மருத்துவம் மூலம் என்று எதைச் சொல்கிறது? ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தநாளங்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் வழக்கமாக மூன்று இடங்களில் இருக்கின்றன. இவை எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. வாயுவும் நீரும் கசியாமல் ஆசனவாய் இறுக மூடியிருக்க இவை உதவுகின்றன. 1975இல் தாம்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார். மலச்சிக்கலில் முக்குவது, கழிப்பறையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது, கர்ப்பகாலம் ஆகியவற்றால் இந்த மெத்தைகள் வீங்கிக் கீழே சரியும்போதுதான் அது நோயாகிறது.

உள்மூலத்தின் முதல் அடையாளம் வலியில்லாத ரத்தம். பளிச்சென்ற சிவப்பாக, மலம் கழித்து முடிக்கும் வேளையில் சொட்டும். அல்லது மலத்தின் மேல் கோடு போட்டதுபோல் படிந்திருக்கும். ஆசனவாய்க்கு உள்ளே பல்வரிசைபோல் ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே வலியை உணரும் நரம்புகள் இல்லாததால்தான் இந்த ரத்தம் வலியின்றி வருகிறது. அடுத்தது முளை. முதல் நிலையில் அது வெளியே தெரியாது. இரண்டாம் நிலையில் முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போய்விடும். மூன்றாம் நிலையில் விரலால் தள்ள வேண்டும். நான்காம் நிலையில் தள்ளினாலும் போகாது. சளிபோன்ற கசிவு, அரிப்பு, உள்ளாடையில் கறை ஆகியவையும் கூட வரும்.

வெளிமூலம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் வலிக்கும். அதற்குள் ரத்தம் உறைந்துவிட்டால் திடீரென நீலம்பாய்ந்த கெட்டியான கட்டி தோன்றி, இரண்டு மூன்று நாள் உட்காரவே விடாது.

இனி, மூலம் என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ளும் மற்ற நோய்கள். மலம் போகும்போது கத்தியால் கீறியதுபோல் வலித்து, போன பிறகும் வெகுநேரம் எரிந்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் கொப்புளம்போல் ஒரு துளை, அதில் சீழ், ஆறுவதுபோல் ஆறி மறுபடி உடைந்தால் பவுத்திரம். மலம் தாரைப்போல் கறுத்து வந்தால் ரத்தம் இரைப்பையிலோ மேற்குடலிலோ கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் கருஞ்சிவப்பாக மலத்தோடு கலந்து வருவது, வழக்கமான மலப்போக்கு வாரக்கணக்கில் மாறியிருப்பது, எடை குறைவது, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் குடலை உள்நோக்கிப் பார்க்கும் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். ரத்தம் நிற்காமல் கொட்டித் தலைசுற்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வரக்கூடாது என்று விதியில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

கூச்சத்தினால் பலர் மருத்துவர் முன் உட்கார்ந்ததும் ‘சூடு சார், மூலம்’ என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். ‘ரத்தம் சொட்டா வருதா, மலத்தோட கலந்து வருதா?’ என்று அவர் கேட்டால் கவனிக்கவில்லை என்கிறார்கள். எழுந்து வருவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறம் என்ன, வலி உண்டா, எதுவும் தட்டுப்படுகிறதா, எத்தனை நாளாக இருக்கிறது என்ற நான்கையும் அவரிடம் சொல்லுங்கள். அது எந்த மூலம், மூலம்தானா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.