கல்லும் கணக்கும்: தேன்கனிக்கோட்டையின் குடிவழிகள்

அமெரிக்கக் கவுண்டிகளின் நீதிமன்றங்களில் திருமணப் பதிவேடுகளும் உயில்களும் நிலப்பத்திரங்களும் பேணப்படுகின்றன. அவற்றைப் புரட்டியே அங்குப் பலர் ஐந்தாறு தலைமுறைகளைப் பின்னோக்கிக் கடந்துவிடுகின்றனர். தேன்கனிக்கோட்டைக் குடும்பமொன்று தன் முன்னோரைத் தேடப் புறப்பட்டால் எங்கே செல்லும்?

இந்த ஊரின் பெயரே ஒரு சான்றாவணம். தென்திசையைக் குறிக்கும் 'தெங்கண' என்னும் கன்னடச் சொல்லே தமிழ் நாவில் தேனும் கனியும் ஆயிற்று என்பர். எல்லைகளும் அவ்வாறே மாறின. 1792இல் திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாரிடம் இழந்தார். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய பாலாகாட் பகுதியோ 1799 வரை மைசூரிடமே இருந்தது. பின்னர் சேலம் மாவட்டம், 1965 முதல் தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. குடிகள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்களைப் பற்றிய காகிதங்கள் மட்டும் தலைநகர் விட்டுத் தலைநகர் பெயர்ந்தன.

காகிதத்திற்கு முந்தியது கல். இவ்வட்டாரத்து நடுகற்களுள் எழுத்துடையவை, ஆநிரை மீட்டோ ஊர் காத்தோ மாண்டவனின் பெயரையும், அவன் யாருடைய மகன், யாருடைய சேவகன் என்பதையும் சொல்கின்றன. சில தமிழில் உள்ளன, சில கன்னடத்தில். இன்று அவற்றை வணங்குவோர் பலருக்கு அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது.

அடுத்தது வாய்மொழி. கன்னட நாட்டில் ஹெலவர் என்போர் எருதேறி ஊர் ஊராகச் சென்று, வீட்டுக்கு வீடு குடிவழி உரைத்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். போரில் மாண்டோர் பெயரையும் அவர்கள் மறவாது சொன்னார்கள்.

மூன்றாவது கர்ணத்தின் கணக்கு. இன்னின்ன புலம் இன்னாருடையது, அவருக்குப் பின் அவர் மகனுடையது என்று ஆண்டுதோறும் எழுதப்பட்ட ஏடுகளைக் குடிவழி நூலாகவே கொள்ளலாம். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் தமிழகத்தில் 1980இல் ஒழிக்கப்பட்டன. சாதி சார்ந்த அதிகாரம் ஒன்று முடிவுற்றது நன்றே. ஆயினும் 'இவர் இன்னாரின் பேரன்' என்று ஏட்டைத் திறவாமலே சொல்லிய நினைவும் அத்துடன் போயிற்று.

இம்மூன்றிலும் ஒரு பெரும் வெற்றிடம் உண்டு. கல் வீரனுக்கு, ஹெலவர் பரிசில் தரவல்ல குடிக்கு, கணக்கு நிலம் உடையவனுக்கு. நிலமற்ற உழைப்பாளியும், பிறந்தகம் விட்டுப் புகுந்தகம் சென்ற பெண்ணும் இவற்றில் அரிதாகவே இடம்பெற்றனர். அவர்களுக்கு வரலாறு இல்லாமல் இல்லை, எழுதுவோர்தாம் இல்லை.

இதனை நாம் இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. ஓசூரின் தொழிற்சாலைகளைத் தொடர்ந்து மனைப்பிரிவுகள் தெற்கு நோக்கிப் பரவுகின்றன. ஒரு புலம் மனைகளாகும்போது வரப்போரத்து நடுகல்லுக்கு இடம் இருப்பதில்லை. அரசு அருங்காட்சியகம் சிலவற்றைக் காக்கும். எல்லாவற்றையும் காக்க இயலாது.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. வீட்டு முதியவர் ஒருவரிடம் பாட்டியின் பாட்டி பெயரைக் கேளுங்கள். அவர் பிறந்த ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஏடும் ஏற்காத அப்பெயரிலிருந்தே இவ்வூரின் மறுபாதி வரலாறு தொடங்கக்கூடும்.