கற்றல் மீள்நோக்கு நிகழ்படம்

கற்றல் மீள்நோக்கு நிகழ்படம் என்பது, ஒரு கல்விப் பருவத்தில் (செமஸ்டர்) தாம் கற்றவற்றை மாணவர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தம் குரலிலேயே எடுத்துரைக்கும் குறும் நிகழ்படம் அல்லது காணொளி ஆகும். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நிமிடங்கள் வரை அமையும். இது பாடச் சுருக்கமோ ஆண்டுவிழாப் படத்தொகுப்போ அன்று. எவற்றைப் படித்தோம் என்பதை விட, படித்ததனால் தம் எண்ணம் எங்கே மாறியது என்பதே இதன் உள்ளடக்கம்.

பின்னணி

கல்வியில் மீள்நோக்கு என்னும் கருத்தை விரிவாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி முதன்மையானவர். ஒரு நம்பிக்கையை அதன் ஆதாரங்களோடு வைத்துச் சீர்தூக்கிப் பார்ப்பதே மீள்நோக்குச் சிந்தனை என 1910இல் வெளியான தம் நூலில் விளக்கினார். நிகழ்பட வடிவம் பிற்காலத்தது. ஜோ லாம்பர்ட், டேனா ஆட்சிலி முதலியோர் 1990களில் கலிபோர்னியாவில் வளர்த்த எண்ணிமக் கதைசொல்லல் இயக்கம் இதற்கு முன்னோடி. திரைப்படப் பயிற்சி சிறிதும் இல்லாதோர் சில நாள் பட்டறையில் வட்டமாக அமர்ந்து தம் கதையைப் பிறருக்குச் சொல்லி, பின்னர் நிழற்படங்களையும் பதிவுசெய்த குரலையும் இணைத்து இரண்டு மூன்று நிமிடப் படமாக்கினர். கருவியைக் கையில் எடுக்கும் முன் கதையைச் சொல்லிப் பார்ப்பது இம்முறையின் சிறப்பு. இன்றைய மாணவர் பலர் தவறவிடுவதும் இதுவே.

இந்தியாவில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளைத் தொடர்ந்து, ஈராண்டு பி.எட். படிப்பில் பனுவல்களை வாசித்து மீள்நோக்குதல், தன்னை அறிதல் ஆகியவை பாடங்களாக இடம்பெற்றன. இவற்றுக்கு நாட்குறிப்பு எழுதுவதே வழக்கமான முறை. நிகழ்படம் அதன் மற்றொரு வடிவம் எனலாம்.

உருவாக்கும் முறை

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் கொம்யூனில் உள்ள பூரணாங்குப்பத்தில் இருந்து கல்லூரிக்குச் சென்று புவியியல் பயிலும் ஒரு மாணவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கரையோர மணல் நகர்வு அவர் பருவப் பாடங்களுள் ஒன்று. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980களின் பிற்பகுதியில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை இவை தடுத்ததால், தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை அரிக்கப்பட்டது. இதைப் படங்களுடன் விளக்கினால் அது பாடம் மட்டுமே. கடல் தானாகவே கரையைத் தின்கிறது என்று சிறுவயது முதல் நம்பியிருந்தேன், எந்த வரைபடத்தைக் கண்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது, இன்னும் எது விளங்கவில்லை என்று அவர் சொல்லும்போதே அது மீள்நோக்கு ஆகிறது. வீராம்பட்டினத்து அகன்ற மணற்பரப்பும் நகரக் கரையில் கொட்டிய கருங்கற்களும் ஆகிய இரு காட்சிகளே அவருக்குப் போதுமானவை.

இவ்வாறு மாற்றம் நிகழ்ந்த ஒரு தருணத்தைத் தேர்ந்த பின் உரையை எழுத வேண்டும். எழுதியதை உரக்கப் படித்து நேரம் பார்ப்பது நன்று. தமிழில் சொற்கள் ஒட்டி நீள்வதால், ஆங்கிலத்துக்குரிய சொற்கணக்கு இங்கே பொருந்தாது. குரலை முதலில் பதிவு செய்து, அதற்கேற்பப் படங்களை அடுக்குவது எளிது. மின்விசிறியை நிறுத்திய அறையில் சாதாரணக் கைபேசியே தெளிவாகப் பதியும். பருவத் தொடக்கத்தில் எழுதிய விடைத்தாள், அடித்துத் திருத்திய வரைபடம் போன்றவை விலைக்கு வாங்கிய காட்சிகளை விட வலுவான சான்றுகள். பின்னணி இசை பெரும்பாலும் தேவையற்றது.

மதிப்பீடும் சிக்கல்களும்

மதிப்பெண் வழங்கப்படும்போது, ஆசிரியர் கேட்க விரும்புவதை மாணவர் சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு. எல்லாம் இனிதே விளங்கிற்று எனப் புகழ்பாடும் படங்கள் இதன் விளைவு. படத்தொகுப்பின் நேர்த்திக்கு மதிப்பெண் கூடினால், நல்ல கைபேசியும் கணினியும் உடையவரே முந்துவர். எனவே குறிப்பிட்ட சான்று காட்டப்பட்டதா, முன்னிருந்த எண்ணம் வெளிப்படையாகக் கூறப்பட்டதா என்பனவற்றை அளவுகோலாகக் கொள்வதே நேர்மையானது. முகம் காட்ட விரும்பாதவர் குரலை மட்டும் பயன்படுத்த இடமளிக்க வேண்டும்.

பள்ளி மாணவர்களைப் பொறுத்தவரை பொதுவெளியில் பதிவேற்றுவது தனிச் சிக்கல். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. தம் அறியாமையை வெளிப்படையாகப் பேசும் ஒரு மாணவரின் படத்தை வகுப்பறைக்குள் மட்டும் திரையிடுவதே பொருத்தமானது.