பண்டிகைக் கடையில் யுத்தத்தின் முகம்

பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டையாகட்டும், தமிழ்நாட்டின் வேறெந்தச் சிற்றூராகட்டும், தீபாவளிக்கு முன் விரிக்கப்படும் பட்டாசுக் கடையைச் சற்றே நின்று கவனிப்போருக்கு, லட்சுமி வெடியின் உறையில் அருள்பாலிக்கும் திருமகளுக்கு அருகிலேயே ராக்கெட்டும் அணுகுண்டும் அமர்ந்திருக்கும் அதிசயம் புலப்படும். இல்லந்தோறும் ஒளியேற்றும் ஒரு மங்கள தினத்துக்குச் சர்வநாசத்தின் பெயர்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பது ஆராயத்தக்க விஷயம்.

1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் விதைத்த தொழில், பின்னர் மத்தாப்பாகவும் வெடியாகவும் கிளைத்தது. 1940-இல் வெடிபொருள்களுக்கு லைசென்ஸ் முறை ஏற்பட்டதும், உலக யுத்தத்தால் அந்நிய நாட்டுப் பட்டாசு வரவு தடைப்பட்டதும் அதற்குப் பேருதவியாயின. யுத்த காலத்தில் ஓங்கி வளர்ந்த அத்தொழில், தன் சரக்குகளுக்கு யுத்தத்திலிருந்தே நாமகரணம் செய்துகொண்டது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவைச் சாம்பலாக்கிய ஆயுதத்தின் பெயர், சணல் நூல் சுற்றிய ஒரு வெடிக்குச் சூட்டப்பெற்று, குழந்தைகள் குதூகலத்துடன் கேட்டு வாங்கும் பண்டமாயிற்று.

இஃது ஓசையின் கவர்ச்சி. இதனினும் நுட்பமானது, பிரிவாற்றாமையைக் கொண்டு மனத்தை உருக்கும் விளம்பரம். 1914 டிசம்பரில் மேற்கு ஐரோப்பியப் போர்முனையில், பதுங்கு குழிகளிலிருந்த பிரிட்டிஷ், ஜெர்மானியச் சிப்பாய்கள் பலர் கிறிஸ்துமஸையொட்டித் துப்பாக்கியைக் கீழே வைத்துக் கை குலுக்கினர். நம் நாட்டுக் கார்வால் படையினரும் அந்த அமைதியில் பங்கு கொண்டனர். அதே பண்டிகைக்கு மேரி இளவரசியின் பெயரால் பொதுமக்களிடம் நிதி திரட்டி வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகளில் பரிசு வழங்கப்பட்டபோது, இந்தியச் சிப்பாய்களின் ஆசாரத்தை அனுசரித்துக் கற்கண்டும் வாசனைத் திரவியங்களும் அளிக்கப்பட்டன. நூறாண்டுகள் கழித்து, 2014-இல், செயின்ஸ்பரிஸ் என்ற பிரிட்டிஷ் அங்காடி நிறுவனம் அந்தக் கிறிஸ்துமஸ் அமைதியையே விளம்பரப் படமாக்கிற்று. அதில் ஒரு வீரன் எதிரியின் சட்டைப்பைக்குள் மறைவாக வைக்கும் சாக்லேட்டையே கடைகளில் விற்று, அதன் ஆதாயத்தை முன்னாள் படைவீரர் நலச் சங்கமான ராயல் பிரிட்டிஷ் லீஜனுக்கு அளித்தது. கண்ணீர் சிந்தியோரும் உண்டு. மாண்டோரின் நினைவை வியாபாரமாக்குவதா என்று கண்டித்தோரும் உண்டு.

முன்பு இல்லத்திலிருந்து போர்முனைக்குச் சென்ற இனிப்பு, பின்பு போர்முனையின் பெயரால் இல்லத்திற்கு விற்கப்பட்டது. நம்மவரின் தீபாவளி விளம்பரங்களிலும், எல்லையிலிருந்து விடுப்பில் வந்த மகன் வாசலில் நிற்க, தாய் ஓடிவந்து தழுவிக்கொள்ளும் காட்சியைக் காண்கிறோம். அக்காட்சிக்கு நெஞ்சம் இளகுவது பலவீனமன்று. வெளியூரில் பிள்ளைகளை விட்டிருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அது சொந்தத் துயரமே. ஆனால் வராத மகனின் வீட்டை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. ஆகவே, சிப்பாயின் முகத்தைக் காட்டிப் புடவையும் பலகாரமும் பட்டாசும் விற்போர் அவனுக்குக் கடன்பட்டவராகின்றனர். தீபாவளிக்குப் பின் சில வாரங்களில், டிசம்பர் 7-ஆம் நாள், படைவீரர் நலனுக்கு நிதி திரட்ட 1949 முதல் அனுசரிக்கப்படும் கொடி நாள் வருகிறது. பண்டிகை லாபத்தில் ஒரு பங்கைக் கொடி நாள் நிதிக்குச் செலுத்துவதே அக்கடனைத் தீர்க்கும் நேரிய வழி.