எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் காயச் சான்றிதழும்

நெல்லித்தோப்பில் தாக்கப்பட்ட ஒருவரை ஆட்டோவில் ஏற்றினால், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ சிறிது நேரத்தில் கொண்டுசேர்த்துவிடலாம். இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில் நோயாளியை முதலில் பார்ப்பவர் பல நேரங்களில் ஒரு பயிற்சி மருத்துவர். அவர் எழுதும் நான்கு வரிகள் பின்னாளில் வன்கொடுமை வழக்கின் போக்கையே தீர்மானிக்கக்கூடும். ஆகவே அவர் என்ன படித்துவிட்டு அங்கே நிற்கிறார் என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு மருத்துவக் கல்வி புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழியில் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. 1964இல் அது ஜிப்மர் ஆனது.

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. முதற்கட்டத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். (மாணவர்கள் அறுத்துப் பயிலும் உடல்களில் உரிமை கோரப்படாதவையும் உண்டு. யாருடைய உடல்கள் உரிமை கோரப்படாமல் போகின்றன என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.) இரண்டாம் கட்டத்தில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். மூன்றாம் கட்டத்தின் முதற்பகுதியில் சமூக மருத்துவமும் தடயவியல் மருத்துவமும் இடம்பெறுகின்றன. இறுதியில் பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம் முதலியன. 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம், மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் ஆகியவற்றையும் தனிக்கூறாகச் சேர்த்தது.

மாணவர்கள் பெரிதும் அஞ்சிப் படிப்பவை இறுதியாண்டுப் பாடங்களே. நீதிமன்றத்தில் நாங்கள் எதிர்கொள்வதோ தடயவியல் மருத்துவத்தை. சிராய்ப்பு, கன்றல், கிழிகாயம், வெட்டுக்காயம், குத்துக்காயம் என வேறுபடுத்துவது, கன்றலின் நிறங்கொண்டு காயத்தின் வயதைக் கணிப்பது, பிணக்கூறாய்வு, நஞ்சியல், சாட்சிக் கூண்டில் பதிலளிப்பது எல்லாம் இப்பாடத்தில் அடங்கும். ஆயினும் 2021ஆம் ஆண்டுப் பயிற்சி விதிமுறைகளின்படி, பயிற்சி ஆண்டில் இதற்கு ஒதுக்கப்பட்டது ஒரே வாரம்.

அந்த ஒரு வாரத்தின் எடையைச் சட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஆபத்தான ஆயுதத்தால் ஏற்பட்டது சாதாரணக் காயமெனில், பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1) பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. அதே ஆயுதத்தால் ஏற்பட்டது கொடுங்காயம் எனில் 118(2) பிரிவு பொருந்தும்; அதற்கு ஆயுள் தண்டனைவரை விதிக்கலாம். தாக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே, அச்சாதியைச் சேராத ஒருவர் அக்குற்றத்தைச் செய்திருப்பின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு ஆயுள் தண்டனையையே விதிக்கிறது. எது கொடுங்காயம் என்று சான்றளிப்பவர் மருத்துவர். காயமுற்றவர் இருபது நாள்கள் கடும் வலியில் கிடந்தாலோ அன்றாட வேலை செய்ய இயலாதிருந்தாலோ அது கொடுங்காயம் என்றது பழைய இந்தியத் தண்டனைச் சட்டம். புதிய சட்டத்தில் அது பதினைந்து நாள்களாகக் குறைந்துள்ளது. பழைய பாடநூலை வைத்துப் படித்த மாணவர் இதைத் தவறவிட்டால் இழப்பு அவருக்கன்று.

விபத்துப் பதிவேடு இன்னும் நுட்பமானது. எத்தனை பேர் தாக்கினர், தெரிந்தவர்களா, எந்த ஆயுதம் என்பவற்றை மருத்துவர் அதில் கேட்டு எழுதுவார். மயக்கத்திலும் பதற்றத்திலும் இருப்பவர் 'மூன்று பேர்' என்று சொல்லி, முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேர் வந்தால், எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை அங்கிருந்தே தொடங்கும்.

பிணவறையைப் பற்றியும் ஒரு சொல். பாடத்திட்டம் பிணக்கூறாய்வை மருத்துவரின் பணியாகவே கற்பிக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் உடலைத் திறப்பதும் தைப்பதும் பிணவறை ஊழியர். அவர் பெரும்பாலும் நம்மவர். அறிக்கையில் அவர் பெயர் இராது.

பாடத்திட்டம் மாற்றவியலாத ஒன்றன்று. பாலியல் வன்புணர்வுக்கு உள்ளான பெண்ணிடம் நடத்தப்பட்டுவந்த இருவிரல் சோதனையைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், 2022 அக்டோபர் 31 அன்று அளித்த தீர்ப்பில் மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தையும் மறுஆய்வு செய்யப் பணித்தது. இருப்பினும் 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட தடயவியல் பாடக்கூறுகளில் கன்னித்தன்மை, கன்னித்திரை குறித்த பகுதிகள் திரும்பி வந்தன. தன்பாலின உறவு மீண்டும் பாலியல் குற்றப் பட்டியலில் வைக்கப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அவ்வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது.

சமூக மருத்துவத்தில் குடும்பத்தின் நிலையை அளக்கக் குப்புசாமி அளவுகோலைக் கற்பிக்கின்றனர். கல்வி, தொழில், வருமானம் மூன்றுமே அதன் அளவைகள், சாதி இல்லை. ஊரகக் குடும்பங்களுக்கான உதய் பரீக் அளவுகோலில் சாதி உண்டு, ஆனால் அங்கே அது ஒரு மதிப்பெண் மட்டுமே. பட்டியல் சாதிக்கு மிகக் குறைந்த எண். நோய்க்கும் ஒதுக்கலுக்கும் உள்ள தொடர்பை விளக்க அந்த எண் போதாது.

வழக்கு நடத்துவோர் நினைவில் கொள்ள வேண்டியது இது: வன்கொடுமை விதிகளின் 2016ஆம் ஆண்டு அட்டவணைப்படி, கொலை வழக்கில் நிவாரணத் தொகையில் பாதி பிணக்கூறாய்வுக்குப் பின்பும், வன்புணர்வு வழக்கில் பாதி மருத்துவ அறிக்கை உறுதிசெய்த பின்பும் வழங்கப்பட வேண்டும். வன்புணர்வு வழக்கின் மருத்துவ அறிக்கையை ஏழு நாள்களுக்குள் விசாரணை அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆம் பிரிவு. எட்டாம் நாளில் அறிக்கை வரவில்லையெனில் எழுத்துவழி கேளுங்கள். கேட்ட தேதியுடன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.