பதினான்கு கார்கள் திரும்பிப் போன கதை

டயர் கடைக்குப் போகிறோம். ‘‘எது சார் பெஸ்ட்?’’ என்று கேட்கிறோம். கடைக்காரரும் சளைக்காமல் ஒரு பெயரைச் சொல்கிறார். தினமும் ஆபீஸுக்குப் போய்வருகிற கார் என்றால் இதில் பெரிய வில்லங்கம் எதுவும் இல்லை. ஆனால், ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பாக்கியசாலி ஒருவர் இப்படிக் கேட்டால்? விவரம் தெரிந்த கடைக்காரர் பதில் சொல்லமாட்டார். ‘‘எந்த கார் சார்? எந்த ரோடு?’’ என்று திருப்பிக் கேட்பார்!

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி, தன் கார்களில் போட்டுச் சோதித்து ஒப்புக்கொண்ட டயர்களுக்கு ‘என்’ என்கிற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணுமாக அடையாளம் தருகிறது. அதே கம்பெனி, அதே பெயர், அதே அளவு டயர் அந்த எழுத்து இல்லாமலும் கடையில் கிடைக்கும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ரப்பர் கலவையும் உள்கட்டுமானமும் வேறாக இருக்கலாம். ‘சும்மா பந்தா!’ என்கிறீர்களா? அப்படியானால் என்னோடு ஒரு நடை அமெரிக்காவுக்கு வாருங்கள். இண்டியானாபோலிஸ் நகரம். 2005-ம் வருடம் ஜூன் மாதம்.

அங்கே இருக்கும் பந்தய மைதானம் சாமானியப்பட்டதல்ல. 1909-ல் திறந்தபோது, தளம் பெயர்ந்து விபத்துகள் நடந்து உயிர்கள் போயின. உடனே அதே வருடம் முப்பத்திரண்டு லட்சம் செங்கல்களை அடுக்கிப் புதுத் தளம் போட்டார்கள்! (பின்னாளில் அதன்மேல் தார் ஏறியது. ஆனாலும் பந்தயம் தொடங்கும் கோட்டில் மட்டும் மூன்றடி அகலத்துக்கு அந்தச் செங்கல்களை இன்றும் பாசத்தோடு விட்டுவைத்திருக்கிறார்கள்.) முட்டை வடிவ ஓடுபாதை. வளைவுகள் ஒரு பக்கம் உயர்ந்து, சாய்ந்து இருக்கும். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காக மைதானத்துக்கு உள்ளேயே நெளிநெளியாக ஒரு பாதை போட்டு, கடைசியில் அந்தச் சாய்ந்த வளைவுகளில் ஒன்றோடு இணைத்திருந்தார்கள். அதுதான் பதிமூன்றாம் வளைவு. ராசியில்லாத எண்!

அங்கே கார்கள் வேகத்தைக் குறைக்காமல் மணிக்கு முந்நூறு கிலோ மீட்டரில் பறக்கும். வலப்பக்கம் திரும்பும் வளைவு என்பதால் பாரமெல்லாம் இடப்பக்கச் சக்கரங்களின் தலையில். தளம் சாய்வாக இருப்பதால் அந்த அழுத்தம் இன்னும் கூடும். இத்தனையையும் தாங்குவது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொஞ்சூண்டு ரப்பர்!

அந்த வருடம் இன்னொரு வேடிக்கையான விதியும் வந்திருந்தது. தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். பஞ்சரானாலோ, சேதமானாலோ ஒழிய நடுவில் மாற்றக் கூடாது.

ஜூன் 17, வெள்ளிக்கிழமை. பயிற்சி ஓட்டத்தில் ரால்ஃப் ஷூமாக்கர் ஓட்டிய டொயோட்டா, பதிமூன்றாம் வளைவில் இடது பின் டயர் போய், சுவரில் மோதியது. (முந்தைய வருடமும் இதே வளைவில் மோதி முதுகெலும்பை முறித்துக்கொண்டவர் இவர்தான். பாவம்!) டயர் தந்தது பிரான்ஸின் மிஷலின். லேசுப்பட்ட கம்பெனியா அது? கம்பெனியை உருவாக்கிய சகோதரர்கள், 1895-லேயே காருக்குக் காற்றடைத்த டயரை மாட்டி, பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் ஓட்டிக் காட்டியவர்கள். வழியெல்லாம் பஞ்சர் என்பது வேறு விஷயம்! 2005-ல் மொத்தம் பத்தொன்பது பந்தயங்கள். அதில் பதினெட்டை ஜெயித்தது மிஷலின் டயர் மாட்டிய கார்கள்தான்.

ஆக, டயர் மட்டமானது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த வளைவுக்கு அது ஆகவில்லை, அவ்வளவுதான்.

மிஷலின் என்ஜினீயர்களுக்குத் தூக்கம் போனது. ‘மாற்று டயர் கொண்டுவருவோம்’ என்று முடிவு செய்தார்கள். ஸ்பெயின் பந்தயத்துக்குத் தந்த ரகத்தை, அட்லாண்டிக் கடல் தாண்டி விமானத்தில் அவசரமாக வரவழைத்தார்கள். வந்தது. சோதித்தார்கள். அதிலும் அதே கோளாறு! பார்சிலோனா ரோட்டுக்கு வாகாக இருந்த டயர் இண்டியானாபோலிஸ் சாய்வுக்கும் ஒத்துவரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எதிரணியில் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன். அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஃபயர்ஸ்டோன் கம்பெனி, இதே மைதானத்தில் நடக்கும் ‘இண்டி 500’ பந்தயத்துக்கு டயர் தருகிறது. முந்தைய பந்தயத்துக்குப் பிறகு தளத்தைப் புதுசாகப் போட்டு, வழுக்காமலிருக்க வைரக் கருவியால் கீறியும் விட்டிருந்தார்கள். அந்தச் சொரசொரப்பு ஃபயர்ஸ்டோனுக்கு ஏற்கெனவே அறிமுகம். உள்ளூர்க்காரருக்குத்தானே ஊர்ப் பள்ளம் தெரியும்!

வெளியே சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். மிஷலின் முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. ‘பதிமூன்றாம் வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் எங்கள் டயரோடு பந்தயம் ஓடுவது பாதுகாப்பில்லை’ என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்த மூன்று நாளில் நடந்த ஒரே கம்பீரமான காரியம் அதுதான்.

பிறகு நடந்ததெல்லாம் பஞ்சாயத்து. வளைவுக்கு முன்னால் தடுப்பு வைத்துப் பாதையை நெளிக்கலாம் என்றன பெரும்பாலான டீம்கள். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு ஒரேயடியாக மறுத்தது. ‘சரியான டயரோடு வந்தவனுக்கு ஏன் தண்டனை? வேண்டுமானால் நீங்கள் அந்த இடத்தில் மெதுவாகப் போங்கள்’ என்பது அதன் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது, இல்லையா? முந்நூறில் பாய்கிற கார்களுக்கு நடுவே பதினான்கு கார்கள் மெதுவாகப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இடித்தது.

ஜூன் 19, ஞாயிறு. லட்சம் பேருக்கு மேல் கூட்டம். இருபது கார்களும் சம்பிரதாயச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடியும் நேரத்தில், மிஷலின் டயர் போட்ட பதினான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன! முதலிடத்தில் புறப்பட வேண்டிய ட்ருல்லியின் டொயோட்டா உட்பட. டொயோட்டாவுக்கு ஃபார்முலா ஒன்னில் அதுதான் முதல் ‘போல்’. கொடுத்து வைத்தது அவ்வளவுதான்.

மிச்சம் ஆறு கார்கள். ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. எல்லாம் பிரிட்ஜ்ஸ்டோன். காசு கொடுத்து வந்த ஜனங்கள் கொதித்துப்போய் பாட்டில்களைத் தூக்கி ஓடுபாதையிலேயே எறிந்தார்கள். எழுபத்து மூன்று சுற்றும் அந்த ஆறு கார்களே ஓடி முடித்தன. மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம். அந்த வருடம் அவருக்கும் ஃபெராரிக்கும் கிடைத்த ஒரே வெற்றி! மேடையில் ஃபெராரிக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவதாக வந்த போர்ச்சுகல் பையன் மோன்டெய்ரோ மட்டும் ஷாம்பெய்னும் கையுமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் பணத்தை ரசிகர்களுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது மிஷலின். டயர் மாற்றக் கூடாது என்கிற விதி அடுத்த வருடமே காணாமல் போனது. 2006 முடிவில் மிஷலினும் ஃபார்முலா ஒன்னை விட்டுக் கிளம்பியது. 2007-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் இண்டியானாபோலிஸ் பக்கமே போகவில்லை.

நான்காவதாக வந்தது யார் என்று சொல்லவில்லையே! ஜோர்டான் காரை ஓட்டிய நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அன்று கிடைத்தது ஐந்து பாயின்ட். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் பாயின்ட்கள். அதற்குப் பிறகும் 2011, 2012-ல் அவர் ஃபார்முலா ஒன் ஓட்டினார். கணக்கில் கடைசிவரை நின்றது அந்த ஐந்துதான்.