அவசர மருத்துவம் பயின்ற நகரம்

ஹைதராபாத்தில் வாழும் நம்மவர்க்கு அப்சல்கஞ்சிலுள்ள உஸ்மானியா மருத்துவமனை புதிய இடமன்று. ஊரிலிருந்து வரும் உறவினருக்குச் சார்மினாரைக் காட்டிவிட்டு மூசி ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் அதன் குவிமாடங்கள் கண்ணில் படாமற் போவதில்லை. அம்மருத்துவமனை வளாகத்தில் முதிய புளியமரம் ஒன்று நிற்கிறது. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி பெருக்கெடுத்து நகரைப் பாழ்படுத்தியபோது, ஏறத்தாழ 150 பேர் இம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினர் என்பர். அப்போதிருந்த பழைய மருத்துவமனை வெள்ளத்திற்கு இரையாயிற்று. கூப்பிடுவதற்கு ஓர் எண்ணும் அன்று இல்லை. ஓடி வருவதற்கு ஒரு வண்டியும் இல்லை. எட்டிய கிளையே துணை.

அதே நகரிலிருந்துதான், ஒரு நூற்றாண்டு நிறைவதற்கு முன்பே, 108 என்னும் எண் நாடெங்கும் பரவிற்று. இடைப்பட்ட கதையை நேயர்களுக்குச் சொல்ல எண்ணியதற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தார். அவசர மருத்துவ உதவியாளர் ஆவதற்கு வீட்டிலிருந்தே கைபேசி வழியாகப் பயிலலாம். பயிற்சிக்கு எங்கும் வரவேண்டியதில்லை. முடிவில் சான்றிதழ் உண்டு என்று அதில் கண்டிருந்தது. கட்டணத்தில் பாதியை அவர் அதற்குள் செலுத்தியும் விட்டார். தாவரவியலில் பட்டம் பெற்ற பிள்ளை, உழைக்கத் தயங்காதவர். "இது செல்லுமா, ஐயா?" என்று கேட்டார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. விடை தேடப் புகுந்தபோது, இந்நகரின் வரலாற்றிலேயே அது பாதி கிடந்தது.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் இறுதியில், ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக எட்வர்டு லாரி என்னும் ஆங்கிலேய மருத்துவர் இருந்தார். அறுவைச் சிகிச்சையில் குளோரோபார்ம் கொடுத்து நோயாளியை மயக்கும் முறை 1847 முதல் வழக்கில் இருந்தது. அம்மயக்கத்திலேயே சிலர் மாண்டுபோயினர். இதயம் நின்று மாள்கின்றனரா, மூச்சு நின்று மாள்கின்றனரா என்று மருத்துவ உலகம் இரு கட்சியாகப் பிரிந்து நின்றது. லாரி மூச்சுக் கட்சி. மயக்கம் கொடுப்பவன் நாடியைத் தொட்டுக்கொண்டிராமல், இமை கொட்டாது மூச்சைப் பார்க்கட்டும் என்பதே அவர் போதனை. இதனை மெய்ப்பிக்க 1888இல் ஓர் ஆராய்ச்சிக் குழு இங்கே கூடிற்று. லண்டனில் அதன் முடிவை ஒப்பாதாரும் இருந்தனர். எனவே ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் ஆயிரம் பவுன் அளித்து, 'லான்செட்' மருத்துவ இதழ் தேர்ந்தனுப்பும் அறிஞரை வரவழைத்தார். லாடர் பிரண்டன் என்னும் பெயர்பெற்ற மருத்துவர் கப்பலேறி வந்தார். 1889இல் கூடிய இரண்டாம் குழுவும் மூச்சே முதலில் நிற்கிறது என்று முடிவு கட்டிற்று.

அம்முடிவு முழுவதும் சரியன்று. 1911இல் குட்மன் லெவி என்பார், மயக்கம் இலேசாக இருக்கும் நிலையிலேயே குளோரோபார்ம் இதயத்தை நேரே நிலைகுலைத்து நிறுத்தக் கூடும் என்று காட்டினார். ஆயினும் லாரியின் மாணவர்கள் பெற்றது வெறும் கொள்கையன்று. நோயாளியின் தலைமாட்டில் நின்று ஒவ்வொரு மூச்சையும் எண்ணிப் பழகிய பழக்கம். அம்மாணவர்களுள் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்னும் பார்சி அம்மையாரும் ஒருவர். உலகில் மயக்கமருந்துத் துறையில் பணியாற்றிய முதற் பெண் மருத்துவர்களுள் அவரை வைத்துப் பேசுகின்றனர். ஏட்டுக் கொள்கை பின்னாளில் பிழைபட்டது. கையும் கண்ணும் பெற்ற பயிற்சி பிழைபடவில்லை. இதனை நாம் அவ்விளைஞரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். நாயையும் குரங்கையும் வைத்து ஆராய்ந்த பழங்கதைக்கும் தம் சான்றிதழுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணியிருக்கலாம்.

தொடர்பு அமெரிக்காவில் தெளிவாகிறது. பீட்டர் சேஃபர் என்பவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மயக்கமருந்து மருத்துவர். லாரியைப் போலவே மூச்சைக் காவல் காத்த தொழில் அவருடையது. வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியோரில் அவர் தலையாயவர். 1966இல் அவருடைய மகள் எலிசபெத் ஆஸ்துமா நோய் முற்றி இறந்தாள். உலகுக்கே மூச்சூட்டக் கற்பித்தவரின் வீட்டில் நிகழ்ந்தது இது. அக்காலத்து அமெரிக்க நகரங்களில் நோயாளியை ஏற்றிச் செல்வது பெரும்பாலும் போலீசாரின் வண்டி, அன்றேல் சவ அடக்க நிலையத்தாரின் வண்டி. உள்ளே படுத்திருப்பவரைக் கவனிக்கத் தெரிந்தவர் எவரும் இரார். மறு ஆண்டு சேஃபர் பிட்ஸ்பர்க் நகரில் 'ஃபிரீடம் ஹவுஸ்' என்னும் ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். சேர்ந்தவர்கள் வேலையற்றிருந்த கறுப்பின இளைஞர்கள். சிலர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள். அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரம் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் தரப்பட்டன. அவர்களோ தம் நகரத்து வேறெவரும் செய்யாத அளவு திறம்படப் பணி செய்தனர். 1975இல் நகராட்சி அப்பணியை முடித்துத் தன் சொந்த அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது. நீதி வழங்கப்பட்டதாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்களோடு உழைத்த நான்சி கரோலின் என்னும் மருத்துவ அம்மையார் எழுதிய பாடத்திட்டம் அந்நாடு முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலாளர் ஆஸ்மண்டு லேர்டால் 1960இல் உருவாக்கிய ஆளுயரப் பொம்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். நெஞ்சை அமுக்கியும் மூச்சூதியும் பழகுவதற்கென்றே செய்யப்பட்டது அது. மனிதர்மேல் பழகக் கூடாத ஒன்றைப் பழகியே ஆகவேண்டும் என்ற இக்கட்டினை அப்பொம்மை தீர்த்தது. வயது வந்தவர் நெஞ்சை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறுக்கு மிகாமல் அமுக்க வேண்டும். இவ்வெண்களை ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் என்பது தன் தோளுக்கு எவ்வளவு பாரம் என்பதைப் பொம்மையின்மேல் வியர்த்துத்தான் அறிய முடியும்.

இனி ஹைதராபாத்துக்குத் திரும்புவோம். தொலைவிலிருந்து கற்பிப்பதை இந்நகரம் இகழ்ந்ததேயில்லை. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் இங்கேதான் தோன்றிற்று. இன்று அது அம்பேத்கர் பெயர் தாங்கி நிற்கிறது. கல்லூரி வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாத எத்தனையோ பேர் அஞ்சலிலும் வானொலியிலும் வந்த பாடத்தால் பட்டம் பெற்றனர். வானொலியில் பேசும் நாம் அதனைக் குறைத்துச் சொன்னால் நன்றி மறந்தவராவோம்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில், சத்யம் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு தொடங்கிய அவசர மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் 108 சேவையைக் கொணர்ந்தது. நூற்றெட்டு என்ற எண்ணை மனத்தில் வைக்க நம் நாட்டாருக்குப் பயிற்சி வேண்டியதில்லை. 2007இல் குஜராத்திலும், 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டிலும் இச்சேவை தொடங்கிற்று. 2009 ஜனவரியில் சத்யத்தின் கணக்கு மோசடி வெளியானபோது இதுவும் கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது, வண்டிகள் நிற்கவில்லை.

வண்டிகளை வாங்குவது எளிது. வண்டிக்குள் இருத்த ஆள் எங்கே? நாட்டில் அப்படியொரு தொழிலே பரவலாக இல்லை. ஆகவே நிலையம் தானே பள்ளியாக வேண்டியதாயிற்று. 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக மருத்துவர்களோடு சேர்ந்து மேற்பயிற்சி ஒன்றைத் தொடங்கிற்று. அவ்வாசிரியர்கள் ஹைதராபாத்துக்கு நேரில் வந்து மாணவரைப் பயிற்றியதோடு, இங்குள்ளவர்களையே பயிற்றுநர்களாகவும் ஆக்கினர். கடல் கடந்து பாடம் அனுப்பும் வசதி அப்போதே இருந்தது. இருந்தும் ஆள் வந்தது கவனிக்கத் தக்கது.

வண்டியில் இருவர் உண்டு. ஓட்டுபவரைப் 'பைலட்' என்கின்றனர். மற்றவர் அவசர மருத்துவ உதவியாளர். நிலையத்தில் அமர்ந்திருக்கும் மருத்துவர் தொலைபேசியில் அவருக்கு வழி சொல்லுவார். ஆக, தொலைவிலிருந்து வரும் குரல் இத்தொழிலில் நாள்தோறும் உண்டு. ஆனால் குரல் சொல்வதைச் செய்யக் கை வேண்டும். ஓடும் வண்டியில், சங்கொலிக்கு நடுவே, இரத்த அழுத்தம் கேட்கக் காது பழகியிருக்க வேண்டும். சாலையோரம் நிறுத்திய வண்டியில் பிறந்த சிசுவைத் துடைத்து, தாயின் மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்து, அதே நொடியில் தாயின் இரத்தப்போக்கையும் பார்க்க வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து குறுகிய படிக்கட்டில் பருத்த உடலினரை இறக்குவது ஒரு தனிக் கலை. அதற்குப் படம் போட்டுக் காட்டும் பாடம் ஓரளவுதான் உதவும்.

2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் மத்திய அரசு 'தீக்ஷா' தளத்தின் வழியாக மருத்துவர், செவிலியர், துணைப் பணியாளர் ஆகியோர்க்கு இணையப் பாடங்களை அளித்தது. அது பயன்பட்டதென்றால், படித்தவர்களில் பெரும்பாலோர் முன்பே நோயாளியைத் தொட்டுப் பழகியவர்கள் என்பதை மறக்கலாகாது. 2021இல் மருத்துவத் துணைத் தொழில்களுக்கெனத் தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அவசர மருத்துவத் தொழிலும் அதன் அட்டவணையில் இடம் பெற்றது. 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, அச்சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை உயர்கல்வி நிறுவனங்கள் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தலாகாது என்று அறிவித்தது. 2025 ஜூலை–ஆகஸ்டுப் பருவத்திலிருந்தே அது நடைமுறைக்கு வந்தது.

பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டியது, எந்த மருத்துவமனையில், எத்தனை நாள், யார் மேற்பார்வையில் பயிற்சி என்பதே. தமிழ்நாட்டு 108 சேவைக்கு ஆள் எடுக்கையில் செவிலியர் படிப்பினரோடு விலங்கியல், தாவரவியல் போன்ற உயிரியல் பட்டதாரிகளையும் அழைப்பதுண்டு. தேர்ந்தவர்க்குச் சுமார் 50 நாள் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூவிடத்தும் பயிற்சி தரப்படுகிறது.

அவ்விளைஞர் இப்போது ஊர் திரும்பித் தமிழ்நாட்டில் அத்தகைய பயிற்சியில் இருக்கிறார். பகலில் மருத்துவமனையின் விபத்துப் பிரிவு. இரவில் விடுதியில் கைபேசியில் பாடம் படிக்கிறாராம். முதல் வாரம் பொம்மையின் நெஞ்சை அமுக்கித் தோள் வீங்கிற்று என்று எழுதியிருந்தார். விளம்பரக்காரரிடம் கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை.