சீலியாக் நோய் வரலாறு: இறுதியில் புலப்பட்ட குடற்சுவர்

சீலியாக் நோயின் வரலாற்றில் காரணி முதலில் கண்டறியப்பட்டது. அது சிறுகுடலில் விளைவித்த சிதைவு பின்னரே உறுதிப்பட்டது. இவ்வரிசை மாற்றத்திற்கு உட்படலத்தின் இயல்பும் ஒரு காரணம் எனலாம்.

இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888இல் வெளியிட்ட கட்டுரை, குழந்தைகளின் நாட்பட்ட வயிற்றுப்போக்கையும் மெலிவையும் தனி நோயாக விவரித்தது. குணப்படுத்த இயலுமெனில் உணவாலேயே இயலும் என்றார் அவர். ஆயினும், இறந்த உடல்களைக் கண்ணால் நோக்கி நோயின் இயல்பை அறிய முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். நுண்ணோக்கியும் அக்காலத்தில் பெரிதும் உதவவில்லை. உயிர் பிரிந்ததும் உட்படலம் விரைந்து அழிவதால், காணும் சிதைவு நோயினதா சாவினதா எனப் பிரித்தறிவது அரிது. எனவே தேடல் உணவிலேயே தொடர்ந்தது. 1924இல் சிட்னி ஹாஸ் நியூயார்க்கில் வாழைப்பழ உணவைப் பரிந்துரைத்தார்; குழந்தைகள் தேறினர். ரொட்டியை விலக்கியதன் பலனை அவர் வாழைப்பழத்தின் மேல் ஏற்றினார்.

கோதுமையைக் குற்றவாளியாகக் கண்டவர் நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அருகியபோது நோயுற்ற குழந்தைகள் தேறியதைக் கண்டே அவருக்கு இக்கருத்துத் தோன்றியது என்னும் கதை பரவலாக வழங்குகிறது. காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. கோதுமை நீக்கிய உணவு பற்றிய அவரது கட்டுரை 1941இலேயே டச்சு மொழியில் வெளிவந்திருந்தது. பஞ்சம் அவரது ஐயத்தை வலுப்படுத்தியது என்று மட்டுமே கொள்ளலாம். (நாடகத்தன்மை மிக்க கதைகளுக்கு மருத்துவ வரலாறும் எளிதில் இணங்கிவிடுகிறது.) உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1950இல் அளித்த ஆய்வேட்டில் டிக்கே தம் கருத்தை நிறுவினார். அடுத்த ஆண்டுகளில் வெய்யர்ஸ், வான் டி காமர் ஆகியோருடன் இணைந்து, மலத்தில் வெளியேறும் கொழுப்பின் அளவைக் கொண்டு, தீங்கு விளைவிப்பது குளூட்டனின் கிளியாடின் பகுதி என்றும் காட்டினார்.

உயிருள்ளோரின் குடற்சுவர் 1954இல்தான் சான்றாக முன்வந்தது. இங்கிலாந்து மருத்துவர் பாலி, அறுவையின்போது எடுத்த துணுக்குகளில் அழற்சியைக் கண்டார். 1956இல் மார்கோ ஷைனர் வாய்வழிச் செலுத்தும் குழாயால் திசு எடுக்கும் முறையை வெளியிட்டபின் அறுவையும் தேவைப்படவில்லை. விரல்போல் நீண்டிருக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தட்டையாகியிருந்தன. இடைக்குழிகள் ஆழ்ந்து, நிணநீரணுக்கள் திரண்டிருந்தன. உறிஞ்சும் பரப்புச் சுருங்கியதால் உண்டதன் சத்து உடலில் சேரவில்லை. கீ கண்ட மெலிவின் விளக்கம் இதுவே. வேறு பெயரால் அறியப்பட்ட பெரியவர்களின் நோயிலும் இதே சிதைவு காணப்படவே, இரண்டும் ஒன்றெனத் தெளிந்தது.